நாற்பது நிமிஷத்தில் ஈப்போ

நான் பூகோள வாத்தியார். எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டாலும், படத்தின்மேல் ஒரு நூலை வைத்து அளந்து சொல்லிவிடுவேன். நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இருபது வருஷமாக இப்படித்தான் உலகத்தைக் காட்டி வருகிறேன். அந்த நூலை நம்பி ஒரே ஒரு தடவை நானே பிரயாணம் செய்தேன். அதற்கப்புறம் மைல் கணக்குச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை விசாலாட்சி மலாய் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஈப்போவில் குடித்தனம். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கேயே இறந்துபோனாள். தந்தி வந்த அன்று நான் படத்தை விரித்து நூலை வைத்தேன். ஆயிரத்துச் சொச்சம் மைல். கப்பலில் ஒரு வாரம். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நாலு பேரிடம் கணக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக் கிணற்றடியிலேயே தலைமுழுகினேன். கணக்கு சரிதான். அதைச் சொன்ன ஆள்தான் சரியில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

இப்போது அவள் மகள் சௌந்தரத்துக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் தங்கத் தகட்டுப் பட்டம் கட்டிய பிறகுதான் அவளை மணையில் உட்கார வைப்பார்கள். விசாலாட்சிக்குக் கட்டிய பட்டம் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது. சௌந்தரம் கடிதம் எழுதியிருந்தாள்: "மாமா, அம்மா போனபோது நீங்கள் வரவில்லை. பட்டத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு ஆசீர்வாதம் என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் வரவேண்டும்." பிறந்தது முதல் நான் பார்த்திராத பெண். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கப்பலேறினேன்.

புதன்கிழமை காலை பினாங்குத் துறையில் இறங்கினேன். என்னை அழைத்துப்போக வந்தவர் பொன்னுசாமி. சௌந்தரத்தின் சிற்றப்பா, எனக்கு மைத்துனர் முறை. ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. நல்ல பருமன், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. கடிகாரத்தைப் பார்க்காமல் இரண்டு வாக்கியம் பேசமாட்டார். பேச்சுக்கு அழுத்தம் வேண்டுமானால் அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்துக்கொள்வார்.

"மச்சான், நீங்க ரயில்ல போகப் போறதில்ல. ஏரோப்பிளேன் லா! பினாங்குல ஏறினா ஈப்போ நாப்பது நிமிஷம். நான் ரெண்டு பேருக்கும் எடம் சொல்லியாச்சு."

கலியாணம் திங்கட்கிழமை, ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். விமானமும் அதே திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. எட்டு நாற்பதுக்கு இறங்கினால் ஒன்பதுக்குக் கலியாண வீடு. மிச்ச அரைமணியில் காப்பி கூடச் சாப்பிடலாம் என்று சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். நான் வியாழக்கிழமையே ரயிலேறியிருக்கலாம். ஏறியிருக்கவேண்டும். ஆனால் அன்று இரவே பெட்டியிலிருந்து படத்தை எடுத்து, பினாங்கு விமான நிலையத்துக்கும் ஈப்போ விமான நிலையத்துக்கும் நடுவே நூலை வைத்துப் பார்த்தேன். எண்பது மைல்கூட வரவில்லை. கூடவே, நாகப்பட்டினத்து வாத்தியார்களில் ஆகாயத்தில் பறந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்ற எண்ணமும் வந்தது. பொன்னுசாமிமேல் முழுப்பழியையும் போட எனக்கு யோக்கியதை இல்லை.

வியாழக்கிழமை ஊர் சுற்றினோம். பினாங்கில் மின்சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓடுகிறது. பிடி கழன்றால் கண்டக்டர் இறங்கி ஒரு நீண்ட கழியால் மாட்டிவிடுகிறார். அதுவரை உள்ளே இருக்கும் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் காத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஜட்கா நின்றால் வண்டிக்காரனின் தாத்தா வரைக்கும் விசாரணை நடக்கும்.

சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. சோற்றுக் கூடையையும் குழம்புப் பானைகளையும் காவடி போலத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு முஸ்லிம் அண்ணன் தெரு முனையில் இறக்கிவைக்கிறார். நாசி கண்டார் என்று பெயர். மீன் குழம்பு, கறிக் குழம்பு, வெண்டைக்காய்க் குழம்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறார். முதலில் எனக்குப் பொறுக்கவில்லை. "தனித்தனியா ஊத்துங்கண்ணே" என்றேன். "வயித்துல தனித்தனி அறை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். மறுபடியும் சோறு கேட்டது நான்தான். காப்பிதான் சரிப்படவில்லை. டின் பாலை ஊற்றி, பாயசமா காப்பியா என்று முடிவு செய்வதற்குள் ஆறிவிடுகிறது.

பொன்னுசாமியின் மனைவி தனபாக்கியம் வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு ரயிலில் புறப்பட்டாள். புறப்படும் முன் சுவரில் மாட்டியிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"திங்கக்கெழம ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. நல்ல காரியத்துக்கு எட்டு மணிக்குக் கெளம்புறவன் எவன் லா? ஒம்போதுக்கு எடுக்கச் சொல்லுங்க."

"ஓட்டுறவன் வெள்ளக்காரன்டி. பஞ்சாங்கமா பாப்பான்?"

"அப்ப பரஸ்தானம் வைங்க. அண்ணே, நீங்களே சொல்லுங்க, நம்ம ஊர்ல வைக்கிறதுதானே?"

வைக்கிறதுதான். நல்ல நேரத்தில் புறப்பட முடியாவிட்டால், போகிறவரின் துணி மூட்டையை நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். மூட்டை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாக அர்த்தம். பிறகு ஆள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போய் மூட்டையை எடுத்துக்கொண்டு பிரயாணத்தைத் தொடரலாம். ராகுவையே ஏமாற்றுகிற ஏற்பாடு. நான் ஊரில் கேலி செய்து விட்டுவிட்ட வழக்கம், எனக்கு முன்பே கப்பலேறி இங்கே குடியேறியிருந்தது.

"வெறும் பழந்துணிய வைக்காதீங்க. போற காரியத்துக்கு எது முக்கியமோ அது மூட்டைல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தனபாக்கியம் ரிக்‌ஷாவில் ஏறினாள். மூன்று வீடு தள்ளியிருந்த அந்தோணிசாமியின் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுக்கு மேல் ஒன்பதுக்குள் வைக்கவேண்டும் என்பது உத்தரவு.

அந்தோணிசாமி துறைமுகத்தில் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டுகிறவர். கத்தோலிக்கர், ஒண்டிக்கட்டை. ஈப்போக் கலியாணத்தில் பந்தி பரிமாற அவரும் வருவதாக இருந்தது. எங்கள் விமானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, "வாத்தியாரய்யா, நான் ஞாயித்துக்கெழம பூசை பாத்துட்டு மத்தியான ரயில்ல போயிடுறேன். எனக்குக் கால் தரையில இருக்கணும், இல்லேன்னா தண்ணியில இருக்கணும்" என்றார்.

சனிக்கிழமை, ஒத்திகை பார்க்கவேண்டும் என்று பொன்னுசாமி என்னைப் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அது தீவின் தென்கோடியில் இருக்கிறது. பஸ்ஸில் எங்களோடு பத்துப் பதினைந்து கோழிகள் வந்தன. பாதி வழியில் டிரைவர் இறங்கி டுரியான் என்கிற முள்தோல் பழத்துக்குப் பேரம் பேசினார். பேரம் படிந்ததும் பஸ் படியவில்லை, ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் தள்ளினோம். கோழிகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. பழம் உள்ளே வந்தபிறகு அந்த வாசனையில் மூச்சுவிடாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

விமான நிலையம் என்பது ஒரு பெரிய புல்வெளி, ஓரத்தில் ஒரு கட்டடம். விமானம் இல்லை. புல்வெளியில் எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. காவலாளி ஒரு மலாய்க்காரர். அவர் சொன்னதைப் பொன்னுசாமி எனக்குத் தமிழில் சொன்னார்: "விமானம் வருகிற நாளில் எருமைகளை விரட்டிவிடுவோம். மற்ற நாளில் பாவம், அவையும் எங்கே போகும்?" வீட்டிலிருந்து அங்கே போய்த் திரும்ப அன்றைய பகல் சரியாக இருந்தது. "பாத்தீங்களா மச்சான், இங்கேருந்து ஈப்போ நாப்பதே நிமிஷம்" என்றார் பொன்னுசாமி, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டினி. ஏகாதசி கூட இருக்காத மனிதர். விமானத்தில் ஏற்றும் முன் ஆளைத் தராசில் நிறுத்துவார்கள் என்றும், கனம் அதிகமானால் இறக்கிவிடுவார்கள் என்றும் ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். காலையில் நான் என் மூட்டையைக் கட்டினேன். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், நடுவில் மஞ்சள் துணியில் சுற்றிய பட்டம். அந்தோணிசாமி கோயிலுக்குப் போயிருந்தார். அவர் வீட்டு மாற்றுச் சாவி பொன்னுசாமியிடம் இருந்தது. மூட்டையைக் கொண்டுபோய் மாதா படத்துக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

"ஒரு சீட்டு எழுதி வச்சீங்களா?"

"என்னன்னு எழுதுறது மச்சான்? ஏரோப்பிளேன்ல போறவன் ராகு காலத்துக்குப் பயந்து மூட்டை வச்சேன்னா? நாளைக்குத் தொறைமுகம் பூரா சிரிக்கும். விடியக்காலையில நாமளே எடுத்துக்கலாம் லா."

திங்கட்கிழமை விடியற்காலை வாடகைக் காரை நிறுத்தி அந்தோணிசாமியின் கதவைத் திறந்தோம். மாதா இருந்தாள். மூட்டை இல்லை. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சீன அம்மாளிடம் பொன்னுசாமி மலாயில் விசாரித்தார். அவள் சொன்னதன் தமிழ்: "நேற்று மத்தியானமே போய்விட்டார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் மூட்டை. 'விமானத்தில் கனம் ஏற்ற விடமாட்டார்களாம், பாவம், அதற்காகச் சிநேகிதர் என் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நான்தான் சுமக்கவேண்டும்' என்று சிரித்துக்கொண்டே போனார்."

"நல்லதாப் போச்சு" என்றார் பொன்னுசாமி. "தனபாக்கியம் மூணு வீடு தள்ளி வைக்கச் சொன்னா. அது ஈப்போ வரைக்கும் போயிருச்சு. இதுக்கு மேல என்ன பரஸ்தானம் வேணும்? நாம எறங்கி வாங்கிக்குவோம். நாப்பது நிமிஷம்."

விமான நிலையத்தில் பொன்னுசாமி தராசில் நின்றார். ஒரு தடையும் இல்லாமல் ஏறச் சொன்னார்கள். ஒரு நாள் பட்டினி வீண் என்று தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். இரண்டடுக்குச் சிறகு வைத்த சின்ன விமானம். உள்ளே எங்களோடு நாலைந்து வெள்ளைக்காரர்கள். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். எட்டு மணி ஆயிற்று, எட்டே கால் ஆயிற்று. புல்வெளியின் நடுவில் ஓர் எருமை நின்றது. காவலாளி விரட்டினார், அது நாலடி நகர்ந்து நின்றது. விமானம் ஓட்டுகிற துரையே இறங்கிப்போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எருமை பெரிய உத்தியோகஸ்தர் மாதிரி அவரை ஏற இறங்கப் பார்த்தது. எட்டே முக்காலுக்குத்தான் நாங்கள் எழும்பினோம்.

எழும்பியது நன்றாகவே இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். கீழே கடல், துறைமுகம், கப்பல்கள், அப்புறம் அக்கரையில் வயல்கள், வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். இருபது வருஷம் நான் சுவரில் மாட்டிய படம் கீழே பச்சையாக விரிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் பட்டம், முகூர்த்தம் எல்லாம் மறந்துபோயிற்று. ஒன்பதரைக்குத் தரையில் இருப்போம், முகூர்த்தம் முடிவதற்குள் ஓடிப்போய்க் கட்டிவிடலாம் என்று தைரியமும் வந்தது.

தைப்பிங் மலைகள் தெரிந்தன. தெரிந்தன என்பதைவிட, தெரியாமல் போயின என்று சொல்லவேண்டும். கறுத்த மேகம் மலையிலிருந்து தரைவரைக்கும் இறங்கி நின்றது. விமானம் இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, ஒரு குலுக்குக் குலுக்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. கொஞ்ச நேரம் வட்டமிட்டது, பிறகு நேராகப் போயிற்று. பொன்னுசாமி கண்ணை இறுக மூடியிருந்தார். கண்ணைத் திறந்ததும் கீழே பார்த்து, என் தொடையில் அடித்து, பஞ்சு அடைத்த காதுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"மச்சான்! அதோ ஈப்போ!"

நான் பார்த்தேன். கீழே கடல் இருந்தது. கப்பல்கள் இருந்தன. ஈப்போவுக்குக் கடல் கிடையாது என்று என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைகூடச் சொல்லும்.

பாயான் லெப்பாஸ் புல்வெளியில் இறங்கியபோது மணி பத்து. துரை தொப்பியைக் கழற்றி, மேகத்துக்காக வருத்தம் தெரிவித்தார். காவலாளி எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். பொன்னுசாமி மொழிபெயர்க்கவில்லை. அவசியமும் இல்லை.

"ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு தடவ பறந்துட்டோம், மச்சான்" என்று அவர் மெல்லச் சொன்னார். நான் புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பத்தரை ஆயிற்று. அங்கே பட்டம் இருந்தது, மாமன் இல்லை. தபாலில் அனுப்பிவிடாதீர்கள் என்று எழுதினாளே, தபாலில் அனுப்பியிருந்தால்கூட அதோடு ஒரு கடிதமாவது போயிருக்கும். சட்டைப்பையில் அவள் கடிதம் வேர்வையில் நனைந்திருந்தது. அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. விசாலாட்சிக்காக இரண்டு வருஷம் முன்பு அழவேண்டியதும் அதில் சேர்ந்திருந்தது. பொன்னுசாமி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்றார்.

ஈப்போவுக்குத் தந்தி கொடுத்தோம். சாயங்காலம் பதில் வந்தது: "மூட்டை வந்தது. பட்டம் கட்டியாயிற்று. அங்கேயே இருக்கவும். புதன்கிழமை வருகிறோம்." பட்டத்தைக் கட்டியது யார் என்று அதில் இல்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் அதை நினைத்துக்கொண்டு நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பொன்னுசாமி ஆபீசுக்குப் போனார். காலையில் அவர் கிளம்பியபோது நாங்கள் பாதி வழியில் திரும்பியிருந்தோம். சாயங்காலம் அவர் வீடு வந்தபோது, அவர் சொன்ன கதையில், ஈப்போவின் கூரைகளை எண்ணிவிட்டுத்தான் திரும்பியிருந்தோம்.

புதன்கிழமை மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்தார்கள். கூடவே தனபாக்கியம், அந்தோணிசாமி. அந்தோணிசாமி வாசலிலேயே கும்பிட்டார்.

"வாத்தியாரய்யா, தப்பு ஏதும் இருந்தா மன்னிச்சுக்குங்க. சுமக்கத்தான் குடுத்தீங்கன்னு நெனச்சேன்."

நடந்ததைத் தனபாக்கியம் சொன்னாள். "பத்து மணியாச்சு, உங்களக் காணோம். மாப்பிள்ள வீட்டுல பொண்ண மணையில ஒக்கார வைங்கங்கிறாங்க. சௌந்தரம் மாமா வராம வரமாட்டேன்னுட்டா. நான்தான் சொன்னேன், அண்ணன் மூட்டை வந்தாச்சு, பரஸ்தானம் வச்ச மூட்டை, மூட்டை வந்தா ஆள் வந்தாச்சு லா! பெரியவங்க எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டு, சரிதான்னாங்க. மாமன் ஒக்கார்ற பலகையில மூட்டைய வச்சு, பொட்டு வச்சு, மாலை போட்டோம்."

"மாலையா?"

"மாலைதான். சௌந்தரம் விழுந்து கும்பிட்டா. ஆனா மூட்டைக்குக் கை ஏது, பட்டம் கட்ட? தூக்கிட்டு வந்த கைதான் அதுக்குக் கைன்னு தீர்ப்பாச்சு. அந்தோணி அண்ணன் கட்டினாரு."

"சிலுவ போட்டுட்டுத்தான் கட்டினேன்" என்றார் அந்தோணிசாமி.

நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. ஏனென்றால் அப்போதுதான் சௌந்தரம் முக்காட்டை விலக்கினாள். நெற்றியில் பட்டம் அப்படியே இருந்தது. கலியாணம் முடிந்த அன்றே அவிழ்த்துவிடுவது வழக்கம். மூன்று நாளாக அதோடேயே இருந்து, அதோடேயே ரயிலிலும் படகிலும் வந்திருக்கிறாள். ரயிலில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம்.

"யாரையும் அவுக்க விடல" என்றாள். குரல் என் தங்கையின் குரல். கோபமும் அவளுடையதே. "கட்டினது உங்க மூட்டை. அவுக்கிறதாவது நீங்க அவுக்கணும், மாமா."

என் முன்னால் பலகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னந்தலையில் மஞ்சள் நூலின் முடிச்சு இருந்தது. நான் கையை வைத்தேன். அசையவில்லை. பெரிய கப்பல்களை அலையில் போகாமல் கட்டி நிறுத்துகிற மனிதர், அதே முடிச்சை இந்த மெல்லிய நூலில் போட்டிருந்தார்.

"மச்சான், கத்தரி கொண்டாரவா? ஒரு நிமிஷத்துல ஆயிடும்" என்றார் பொன்னுசாமி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"வேண்டாம்" என்றேன்.

விசாலாட்சிக்கு உச்சியில் இரட்டைச் சுழி. இவளுக்கும் இருந்தது. எந்தப் படத்திலும் நூல் வைத்து நான் பார்த்திருக்க முடியாதது. அந்த முடிச்சை அவிழ்க்க நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. நான் அவசரப்படவில்லை. அவளும் தலையைத் திருப்பவில்லை.